திறமூலத் திட்டம் ஒன்றை முறையாக முடித்துவைப்பது எப்படி? 11 ஆண்டுகள் பராமரித்த நூலகத்தை மூடவிருக்கிறேன்

தரவுத்தறி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இப்போது யாரும் புதிதாக உருவாக்காத ஒரு பழைய இருமத் தரவுக் கோப்பு வடிவத்தைப் படித்து, அதை எளிய உரைக் கோப்பாக மாற்றித் தரும் சிறு மென்பொருள் நூலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றை 11 ஆண்டுகளாகத் தனியாளாகப் பராமரித்து வருகிறேன். பயனர்களுக்கு முறைப்படி அறிவிக்கும் முன் எனக்கே ஒரு தெளிவு வேண்டும் என்பதால் அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. மூடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி மூடுவது என்பதில்தான் உங்கள் உதவியைக் கேட்கிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தும் துறையிலிருந்து நான் விலகி வெகுநாளாகிறது. சோதித்துப் பார்க்கத் தேவையான பழைய மென்பொருளும் இப்போது என்னிடம் இல்லை. இவற்றைக் காட்டிலும் என்னை உறுத்துவது வேறொன்று. கடந்த இரண்டு ஆண்டுகளாக வரும் வழு அறிக்கைகளுக்கெல்லாம் "பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, பெரும்பாலானவற்றைப் பார்க்காமலேயே விட்டிருக்கிறேன். பொய் சொல்லும் எண்ணத்தோடு எழுதவில்லை. எழுதும்போது பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி யாரோ ஒருவர் மாற்று வழி தேடாமல் காத்திருந்திருப்பார். திட்டம் நின்றுபோய்விட்டது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்து, அதை நம்பியிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கும் நிலை இனியும் தொடரக் கூடாது.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று சில நாட்களாகப் படித்து வருகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி உலகில் மிகப் பரவலாகப் பயன்பட்ட 'ரிக்வெஸ்ட்' பொதியை (பிறர் இறக்கிப் பயன்படுத்தும்படி கட்டிய நிரலை) 2019ஆம் ஆண்டில் பராமரிப்பு நிலைக்கு மட்டும் கொண்டுவந்து, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். தேதிகளைக் கையாளும் 'மொமென்ட்' நூலகத்தின் குழுவினர் 2020 செப்டம்பரில், இது வேலை முடிந்த திட்டம், புதிய வசதிகள் வாரா, புதிய பணிகளுக்கு இன்னின்ன நூலகங்களைப் பாருங்கள் என்று போட்டியாளர்களின் பெயர்களைத் தாங்களே எழுதிவைத்தார்கள். படித்தவற்றுள் அந்த அறிவிப்புதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'ஆட்டம்' என்ற நிரல் திருத்தியை மூடுவதாக, நிரல் களஞ்சியங்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் 2022 ஜூன் 8 அன்று அறிவித்து, டிசம்பர் 15 அன்று மூடியது; இடைவெளி ஆறு மாதத்துக்குச் சற்றே அதிகம். பைதான் நிரல்மொழியின் பழைய வரிசையான பைதான் 2க்கோ 2014ஆம் ஆண்டிலேயே 2020 என்ற முடிவு ஆண்டு குறிக்கப்பட்டது.

மறுபக்கம், தரவைப் பூட்டிவைக்கும் 'ட்ரூகிரிப்ட்' மென்பொருள் இருக்கிறது. 2014 மே 28 அன்று, முன்னறிவிப்பு ஏதுமின்றி, இம்மென்பொருள் பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை அதன் தளத்தில் தோன்றியது. அன்று வெளியான 7.2 பதிப்பால், ஏற்கெனவே பூட்டிய தரவைத் திறக்க மட்டுமே முடிந்தது, புதிதாகப் பூட்ட முடியவில்லை. ஏன் மூடினார்கள் என்று மக்கள் ஊகித்துக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலர் அதிலிருந்து பிரித்தெடுத்த 'வெராகிரிப்ட்' இன்று பயன்பாட்டில் இருந்தாலும், தங்கள் தரவை அதில் பூட்டி வைத்திருந்தவர்கள் அந்த நாளை எப்படிக் கடந்திருப்பார்கள் என்று நினைத்தால், எக்காரணம் கொண்டும் நான் அப்படி மூடக் கூடாது என்றே தோன்றுகிறது.

நான் கேட்க விரும்புபவை இவை. எவ்வளவு கால அவகாசம் தருவது நியாயம்? கடைசிப் பதிப்பு என்று ஒன்றை வெளியிட வேண்டுமா, வெளியிட்டால் அதில் என்ன இருக்க வேண்டும்? ஏற்று நடத்த யாராவது முன்வந்தால் கொடுத்துவிடலாமா? பொதிக் களஞ்சியத்தில் உள்ள பெயரையும் திட்டத்தின் டொமைனையும் என்ன செய்வது?

பொதிகட்டுநர்

வணக்கம் தரவுத்தறி. நான் ஒரு லினக்ஸ் வழங்கலுக்காக (லினக்ஸ் இயங்குதளத்தை மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்புக்காக)ப் பிறர் எழுதும் மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டித் தருபவன். உங்களைப் போன்றவர்கள் திட்டத்தை மூடும்போது அச்செய்தி எங்களைத்தான் முதலில் வந்தடைய வேண்டும். ஆனால் பெரும்பாலும் கடைசியில்தான் வந்தடைகிறது. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எதையும் அழிக்காதீர்கள். 2016 மார்ச்சில் நடந்த 'லெஃப்ட்-பேட்' நிகழ்வை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்த பராமரிப்பாளர் ஒருவர் தம் பொதிகள் 270க்கும் மேற்பட்டவற்றை, ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அவற்றுள் ஒன்று, எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரல். அதை நேரடியாகக் கேள்விப்பட்டே இராத ஆயிரக்கணக்கான திட்டங்கள் சில மணி நேரத்துக்குக் கட்டமைக்க முடியாமல் நின்றன. களஞ்சியத்தை நடத்துபவர்களே அப்பொதியை மீண்டும் ஏற்றவேண்டி வந்தது. அதன் பிறகு நீக்குவதற்கான விதிகளையும் இறுக்கினார்கள். அவருடைய மனக்குறையில் நியாயம் இருந்ததா என்பது வேறு கேள்வி. தண்டனையை அனுபவித்தவர்கள் அத்தகராறில் தொடர்பே இல்லாதவர்கள்.

அழிப்பதற்குப் பதிலாக, கைவிடப்பட்டது என்று குறியிடும் வசதி இன்று பல களஞ்சியங்களில் இருக்கிறது. என்பிஎம்மில் நிறுவும்போதே எச்சரிக்கை காட்டலாம். பிஎச்பி நிரல்மொழிக்கான பொதி நிறுவியான 'கம்போசர்' கைவிடப்பட்ட பொதிக்கு மாற்று எது என்பதையும் சேர்த்தே சொல்லும். பைதான் பொதிக் களஞ்சியத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு திட்டத்தைக் காப்பக நிலைக்கு மாற்ற முடிகிறது. இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பதிப்பைத் திரும்பப் பெறுவதாகக் குறிப்பது வேறு, திட்டத்தைக் கைவிட்டதாகக் குறிப்பது வேறு. முன்னது, அந்தப் பதிப்பிலேயே பெரும் பழுது இருக்கும்போது, புதிதாக யாரும் அதைத் தேர்ந்தெடுத்துவிடாமல் தடுப்பதற்கானது. நன்றாக வேலை செய்யும் கடைசிப் பதிப்பைத் திட்டம் முடிந்துவிட்டது என்பதற்காகத் திரும்பப் பெறாதீர்கள்.

அவகாசத்தைப் பொறுத்தவரை உங்கள் நாட்காட்டியை மட்டும் பார்க்க வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் ஒரு நிலைப் பதிப்பு முதல் 3 ஆண்டுகள் முழு ஆதரவோடும், பிறகு 2 ஆண்டுகள் நீண்டகால ஆதரவோடும் புழக்கத்தில் இருக்கும். உங்கள் நூலகத்தை உள்ளே சேர்த்த ஒரு வழங்கல் வெளியான மறுவாரம் நீங்கள் மூடினால், அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் ஒட்டுகளை (சிறு நிரல் திருத்தங்களை) நாங்களே தைக்க வேண்டியிருக்கும். அதற்காக ஐந்து ஆண்டுகள் காத்திருங்கள் என்று கேட்கவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் அடுத்த பதிப்பில் சேர்க்காமல் விடுவோம், அவ்வளவுதான்.

டெபியனுக்குள்ளேயே இதற்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. பராமரிக்க முடியாத பொதியை அதன் பொறுப்பாளர் ஒரு பொதுப் பட்டியலில் 'அநாதை' என்று பதிந்துவிடலாம். அதற்கு ஒரு படி முன்னதாக, "நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் ஏற்க ஒருவர் தேவை" என்றும் பதியலாம். இவ்விரண்டு நிலைகளுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. ஒருவர் சோர்ந்துவிட்டார் என்பதை யாரும் குற்றமாகக் கருதாமல், நடைமுறைச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள இது உதவுகிறது. உங்கள் "பார்க்கிறேன்" என்ற சொல்லின் இடத்தில் வைத்திருக்க வேண்டியது இந்தப் பதிவைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: அறிவிப்பை வலைத்தளத்தில் மட்டும் எழுதாமல், மூல நிரலோடு வரும் ரீட்மி (அறிமுகக் குறிப்பு) கோப்பின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நாங்கள் மூலக் கட்டைத் திறந்துதான் படிக்கிறோம். தளம் போன பின்னும் அந்தக் கோப்பு இருக்கும்.

நிறுவனநிரலர்

இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனெனில் இப்படிப்பட்ட ஒரு நூலகத்தை நம்பித்தான் எங்கள் அலுவலகத்தில் பழைய ஆவணங்களைப் படிக்கிறோம். அது உங்களுடையதாகவே இருக்கலாம்.

மூடத்தான் வேண்டுமா என்று கேட்க விரும்புகிறேன். நீங்கள் படிக்கும் கோப்பு வடிவம் மாறப்போவதில்லை, புதிய பதிப்பும் வரப்போவதில்லை. அப்படியானால் உங்கள் நூலகத்தைக் கைவிடப்பட்டது என்று ஏன் சொல்ல வேண்டும்? முழுமை பெற்றது என்று சொல்லலாமே. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் தமது 'டெக்' எழுத்துக்கோப்பு மென்பொருளில் புதிய வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வழுவைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண் பை என்ற எண்ணை நோக்கி ஓர் இலக்கம் நகர்கிறது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தமக்குப் பின் அந்த எண்ணைப் பை என்றே நிலைநிறுத்திவிட வேண்டும் என்றும், எஞ்சிய வழுக்கள் யாவும் மென்பொருளின் இயல்புகளாகக் கொள்ளப்பட வேண்டும் என்றும் அவர் சொல்லிவைத்திருக்கிறார். அதை யாரும் இறந்த மென்பொருள் என்று கருதுவதில்லை.

நீங்கள் நிரல் களஞ்சியத்தைக் காப்பக நிலைக்கு மாற்றிய நாளிலேயே எங்கள் தணிக்கைக் கருவிகள் சிவப்புக் கொடி காட்டும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, ஓடவில்லை என்பதற்காக அல்லாமல் பெயர்ப்பலகை மாறிவிட்டது என்பதற்காக, நாங்கள் மாற்றியாக வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று சொல்லி அப்படியே ஓரமாக வைத்திருக்க இயலாதா? இதைச் சலுகையாகத்தான் கேட்கிறேன். உங்களுக்கு நாங்கள் ஊதியம் தரவில்லை என்பதும் நினைவில் இருக்கிறது.

காவல்நிரல்

நிறுவனநிரலர் எழுப்பியது நல்ல கேள்வி. முடிவுபெற்ற மென்பொருள், கைவிடப்பட்ட மென்பொருள் என்ற வேறுபாடு உண்மையானது. ஆனால் இந்த நூலகம் முதல் வகையில் சேராது என்பது என் கருத்து.

டெக்கைச் சுற்றி அதன் வழங்கல்களைப் பராமரிக்கும் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. தொகுப்பி மாறினாலும் இயங்குதளம் மாறினாலும் அதை மீண்டும் ஓட வைக்கிறவர்கள் அவர்கள்தாம். மேலும், பயனர் பெரும்பாலும் தாமே எழுதிய கோப்பைத்தான் அதனிடம் கொடுக்கிறார். தரவுத்தறியின் நூலகமோ எங்கிருந்தோ வரும் இருமக் கோப்பைத் திறந்து, அதில் எழுதியிருக்கும் நீள அளவுகளை நம்பி நினைவகத்தை ஒதுக்குகிறது. இந்த வகை நிரல்களில்தான் ஆபத்தான ஓட்டைகள் மிகுதியாக இருக்கும். கோப்பு வடிவம் மாறவில்லை என்றாலும், அதைத் தவறான நோக்கத்தோடு செதுக்கி அனுப்பும் முறைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

'பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்' என்பது சிறிய வாக்குறுதிபோல் தோன்றும். என் பார்வையில், ஒரு பராமரிப்பாளர் தரக்கூடிய வாக்குறுதிகளில் மிகக் கனமானது அதுதான். வசதி வேண்டுமென்று கேட்பவரைக் காத்திருக்கச் சொல்லலாம். ஓட்டை இருக்கிறது என்று எழுதுபவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அந்தக் கடிதம் எந்த வாரம் வரும் என்பதும் தெரியாது. நிறைவேற்ற ஆளில்லாத அந்த வாக்குறுதியைவிட, ஆளில்லை என்ற அறிவிப்பே பயனர்களைப் பாதுகாக்கும். தணிக்கைக் கருவி காட்டும் சிவப்புக் கொடி தொல்லைதான்; ஆனால் அது சொல்வது உண்மை.

நிரல்களின் நிகழ்வுக் குறிப்புகளைப் பதியும் லாக்4ஜே நூலகத்தின் முதல் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளை அதன் ஆயுள் முடிந்ததாக 2015 ஆகஸ்டில் அறிவித்தது. 2021 டிசம்பரில் இரண்டாம் வரிசையில் ஒரு பெரும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, உலகெங்கும் நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் துழாவின. ஆறு ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன முதல் வரிசை பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பலர் கண்டார்கள். 2022 ஜனவரியில் அந்தப் பழைய வரிசையிலும் புதிய ஓட்டைகள் பதிவாயின. அதிகாரபூர்வத் திருத்தம் வரவில்லை. தொடக்கத்தில் அதை எழுதியவரே 'ரீலோட்4ஜே' என்ற வேறு பெயரில் ஒரு ஃபோர்க் (நிரலைப் படியெடுத்துத் தனியே நடத்தும் கிளைத் திட்டம்) தொடங்கித் திருத்தங்களை வெளியிட்டார். அறிவிப்பு இருந்தும் பலர் நகரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிவிப்பு இருந்ததால்தான், தேடத் தொடங்கியவர்களுக்கு எதை அகற்ற வேண்டும் என்று உடனே தெரிந்தது.

அடுத்தது, கைமாற்றிக் கொடுப்பது. இதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2018இல் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற என்பிஎம் பொதியின் பராமரிப்பாளர், தமக்கு அதில் ஆர்வம் போய்விட்டதால், உதவ முன்வந்த ஒருவரிடம் வெளியீட்டு உரிமையைக் கொடுத்தார். புதியவர், அது இயங்கத் தேவையான சார்புப் பொதி என்று வேறொரு சிறு பொதியைச் சேர்த்தார். அதற்குள் ஒரு குறிப்பிட்ட பிட்காயின் பணப்பை மென்பொருளின் பயனர்களைக் குறிவைக்கும் நிரல் மறைந்திருந்தது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' மென்பொருளின் கதை இதைவிடப் பொறுமையானது. 2021 முதல் ஒருவர் ஒட்டுகளை அனுப்பி வந்தார். சோர்ந்திருந்த பராமரிப்பாளரை வேறு சில பெயர்கள் மின்னஞ்சலில் நெருக்கின. மெல்ல மெல்ல அந்த உதவியாளரே இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழி நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைத் தொடர்ந்து சென்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருப்பதை வெளியிட்டார். இன்னும் சில வாரங்கள் கடந்திருந்தால் அது பெரிய வழங்கல்களின் நிலைப் பதிப்புகளுக்குள் சென்றிருக்கக்கூடும்.

அந்த இரு பராமரிப்பாளர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். களைத்துப்போன மனிதர்கள், நல்லெண்ணத்தோடு வந்ததுபோல் தெரிந்த கையைப் பற்றினார்கள். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு இது: ஃபோர்க் என்பது ஒவ்வொரு பயனரையும், "இந்தப் புதியவரை நம்புகிறாயா?" என்று கேட்கிறது. உரிமைக் கைமாற்றமோ யாரையும் கேட்பதில்லை. பழைய பெயரின் மீதுள்ள நம்பிக்கை முழுவதையும், எவரும் அறியாமல், புதியவர் கையில் வைத்துவிடுகிறது. அந்த நம்பிக்கையைப் பயனர்கள் உங்களுக்குத்தான் தந்தார்கள். உங்களுக்கு நேரில் தெரிந்த, உங்களோடு ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவர் இருந்தால் அது வேறு. இல்லையென்றால் பெயரைக் கொடுக்காதீர்கள்.

டொமைனும் இதே கணக்குத்தான். பழைய உலாவிகளுக்குத் துணைநிரல் வழங்கிய 'பாலிஃபில்' சேவையின் டொமைன் 2024 தொடக்கத்தில் வேறு கைக்கு மாறியது. அதே ஆண்டு ஜூனில், அதிலிருந்து நிரல் எடுத்த தளங்களின் பயனர்களுக்குத் தீங்கான நிரல் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது. பாதிக்கப்பட்ட தளங்கள் 1,00,000க்கும் மேல் என்று அதைக் கண்டறிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். மூடிய பிறகும் சில ஆண்டுகள் டொமைனுக்குக் கட்டணம் செலுத்துங்கள். உங்கள் பொதிக் கணக்கின் மின்னஞ்சல் முகவரி அந்த டொமைனில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லையெனில் டொமைன் காலாவதியான அன்று அதை வாங்குபவர் உங்கள் கடவுச்சொல்லையும் மாற்றிவிட முடியும்.

தரவுத்தறி

காவல்நிரல், நன்றி. டொமைன் பற்றிய கடைசி வரியைப் படித்துவிட்டு உடனே சென்று பார்த்தேன். என் பொதிக் கணக்கு அந்த டொமைனில் உள்ள முகவரியில்தான் இருந்தது. இப்போது மாற்றிவிட்டேன்.

நிறுவனநிரலர், உங்கள் வேண்டுகோளைத் தட்டிக்கழிக்கவில்லை. முழுமை பெற்றது என்று எழுதிவைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் திறந்து கிடக்கும் அறிக்கைகளில் இரண்டாவது, சில கோப்புகளில் தேதி தவறாக மாறுகிறது என்று சொல்கிறது. அது உண்மை என்று எனக்குத் தெரியும். தவறான தேதியோடு தரவைத் தரும் நூலகத்தை முழுமை பெற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதுக்கிளை

தரவுத்தறி ஐயா, வணக்கம். முந்தைய பதிவுகளைப் படித்த பிறகு இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் நூலகம் எது என்று ஊகித்துவிட்டேன் என நினைக்கிறேன். சரியென்றால், அதற்கு இரண்டு ஒட்டுகள் அனுப்பியவன் நான், அந்தத் தேதிப் பிழைக்கு ஒன்று உட்பட. ஏற்று நடத்த விருப்பமாக இருக்கிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது என்பதும், அந்த இடத்திலிருந்து பார்த்தால் நானும் ஓர் அறிமுகமற்ற கை என்பதும் புரிகிறது. ஆகவே உரிமையைக் கேட்கவில்லை. வேறு பெயரில் ஃபோர்க் தொடங்கினால், அதன் இருப்பை உங்கள் ரீட்மியில் குறிப்பிடுவீர்களா என்று மட்டும் கேட்கிறேன். யாருக்கும் தெரியாத ஃபோர்க் இருந்தும் பயனில்லை.

மூன்றாம்பதிப்பு

நான் ஒரு திட்டத்தை மிக மோசமாக மூடியவன். அதனால் எழுதுகிறேன்.

என்னுடையதும் கோப்பு வடிவம் சார்ந்த நிரல்தான். ஒருநாள் அதைத் தொடுவதை நிறுத்தினேன். அறிவிக்கவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, வந்து குவியும் அறிவிப்பு மின்னஞ்சல்களைப் பார்க்கவே மனம் கூசியதால், வழுப் பட்டியலையே முடக்கிவிட்டேன். அது மூடிய கதவைக் காட்டிலும் கொடியது என்று அப்போது தோன்றவில்லை. அந்தப் பட்டியலில் இருந்தவை வெறும் முறையீடுகள் அல்ல. எந்தப் பதிப்பு மென்பொருள் எந்த இடத்தில் தலைப்புப் பகுதியை விதி மீறி எழுதுகிறது, எந்த மாதிரிக் கோப்பு எதனால் உடைகிறது என்று பயனர்கள் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடித்து எழுதிய குறிப்புகள் அவை. அந்த வடிவத்தைப் பற்றி வேறெங்கும் ஆவணம் இல்லை. பின்னாளில் ஒருவர் தாம் புதிதாக எழுதப்போவதாகச் சொல்லி அந்தக் குறிப்புகளைக் கேட்டார். என்னிடம் கொடுக்க நிரல் இருந்தது. ஆனால் அந்த நிரலில் ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான காரணம் எனக்கே மறந்துபோயிருந்தது.

ஆகவே தரவுத்தறி, உங்களுக்கு எஞ்சியிருக்கும் உழைப்பு கொஞ்சம்தான் என்றால், அதை வழு திருத்துவதில் செலவிடாதீர்கள். கோப்பு வடிவத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அனைத்தையும் ஓர் ஆவணமாக எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்து எழுதுங்கள். மாதிரிக் கோப்புகளைப் பிறர் பகிரலாம் என்பதற்கான உரிமத்தையும் சேர்த்து வையுங்கள். நிரலுக்கு உரிமம் இருந்து மாதிரிக் கோப்புகளுக்கு இல்லாததால் சோதனைத் தொகுப்பைக் கொண்டுபோக முடியாமல் நின்ற ஃபோர்க்குகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நிரல் ஒருநாள் ஓடாமல் போகும், அது இயல்பு. அந்தக் கோப்புகளை வைத்திருப்பவர்கள் அன்றும் இருப்பார்கள். அவர்களுக்காக இன்னொருவர் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அவர் கையில் இருக்க வேண்டியது அந்த ஆவணம்.

வரிசை முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிட்ஹப்பில் களஞ்சியத்தைக் காப்பக நிலைக்கு மாற்றும் வசதி 2017 முதல் இருக்கிறது. மாற்றிய கணமே வழு அறிக்கைகள், ஒட்டுகள், கருத்துகள் எல்லாம் படிக்க மட்டும் என்று ஆகிவிடும். எனவே ஒவ்வோர் அறிக்கைக்கும் எழுத வேண்டிய கடைசி மறுமொழியை அதற்கு முன் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தை ஒட்டிவிட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். இது உண்மையான வழு, இன்ன கோப்பில் இன்ன இடத்தில் இருக்கிறது, நான் திருத்தப்போவதில்லை என்று எழுதினால் போதும். திருத்த நேரமில்லாதவருக்கும் இதை எழுத ஐந்து நிமிடம் கிடைக்கும்.

பாதுகாத்து வைப்பதற்கு, பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் தொடங்கிய 'சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்' காப்பகம் இருக்கிறது. பொதுவில் உள்ள மூல நிரல்களை வரலாற்றோடு சேர்த்துவைப்பதே அதன் பணி. உங்கள் களஞ்சியத்தைச் சேமிக்கும்படி நீங்களே கோரிக்கை வைக்கலாம். ஆனால் அது நிரலை மட்டுமே எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டு, வழு உரையாடல்களின் சாரத்தை ஒரு கோப்பாகக் களஞ்சியத்துக்குள்ளேயே இட்டுவிடுங்கள்.

மூடியது மூடியதுதானா என்ற கவலையும் வேண்டாம். அப்பாச்சி அறக்கட்டளை 2008 முதல் 'பரண்' என்ற பொருளில் ஒரு பிரிவையே வைத்து, இயக்கம் நின்ற திட்டங்களை அங்கே ஏற்றிவைக்கிறது. அங்கே போன எக்ஸ்எம்எல்பீன்ஸ் நூலகத்தை, அது தேவைப்பட்ட இன்னொரு அப்பாச்சி திட்டம் 2018இல் கீழே இறக்கி எடுத்துக்கொண்டது. ஒழுங்காகக் கட்டி ஏற்றிய பொருளை எடுப்பது எளிது.

நிறுவனநிரலர்

மூன்றாம்பதிப்பு எழுதியதைப் படித்ததும் என் கேள்வியைத் திருப்பிக்கொள்கிறேன். எங்களிடம் அந்தப் பழைய மென்பொருள் ஒரு மெய்நிகர் கணினியில் இன்னும் ஓடுகிறது. தரவுத்தறிக்குச் சோதிக்க வழியில்லை என்றார். ஆவணத்துக்காக எதைச் சரிபார்க்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தால், நாங்கள் இயக்கிப் பார்த்து விடை எழுதித் தருகிறோம். மேலாளரிடம் அனுமதி பெற்றுவிட்டேன்.

தரவுத்தறி

நிறுவனநிரலர், இதை நான் எதிர்பார்க்கவில்லை. 11 ஆண்டுகளில் இப்படி ஓர் உதவியை நான் கேட்டதும் இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. ஊகம் என்று நான் குறித்துவைத்திருக்கும் இடங்கள் ஏறத்தாழ இருபது இருக்கும். இந்த வாரத்துக்குள் பட்டியலை அனுப்புகிறேன்.

என் முடிவுகளை எழுதிவிடுகிறேன். அறிவிப்பு முதலில் வரும். மூடுவது அதிலிருந்து ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதத்தில் புதிய வசதி எதையும் தொடமாட்டேன். புதுக்கிளை அனுப்பிய தேதித் திருத்தத்தை, நிறுவனநிரலரின் கணினியில் சோதித்த பிறகு ஏற்றுக்கொள்வேன். வழங்கல்கள் தனியாகத் தைத்து வைத்திருக்கும் ஒட்டுகளையும் பொதிகட்டுநர் அனுப்பினால் சேர்த்துவிடுவேன். அதுவே கடைசிப் பதிப்பாக வெளியாகும். பிறகு ஒவ்வோர் அறிக்கைக்கும் மறுமொழி, அதன் பிறகு காப்பக நிலை. வெளியீட்டுத் திறவுகோல்களையும் தானியங்கி வெளியீட்டுக்கான அனுமதிகளையும் அன்றே ரத்து செய்வேன். பொதியின் பெயர் என்னிடமே, எதுவும் வெளிவராமல், இருக்கும்.

புதுக்கிளை, உங்கள் ஃபோர்க்கை ரீட்மியில் குறிப்பிடுவேன். அதை நான் சரிபார்க்கவில்லை, பயனர்கள் தாமே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கும். உங்களை ஐயுறுவதால் அல்ல. என் பெயரால் உங்களை நம்பச் சொல்லும் உரிமை எனக்கில்லை என்பதால். ஆவணம் முடிந்ததும் முதல் படியை உங்களுக்கு அனுப்புகிறேன், புரியாத இடங்களைக் கேளுங்கள். நான் மறப்பதற்கு முன் கேட்பது நல்லது.

ரீட்மியின் தொடக்கத்தில் வைக்க எழுதியது இது:

"இத்திட்டம் முடிவுக்கு வருகிறது. இது கடைசிப் பதிப்பு. இதற்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட எந்தத் திருத்தமும் இங்கிருந்து வெளிவராது. நம்பகமான இடத்திலிருந்து வந்த கோப்புகளைப் படிக்க இதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அறியாத இடத்திலிருந்து வரும் கோப்புகளைத் திறக்கும் சேவைகளில் பயன்படுத்த வேண்டாம். தெரிந்த வழுக்கள் தனிக் கோப்பில் எழுதப்பட்டுள்ளன. கோப்பு வடிவத்தின் விளக்கம் ஆவண அடைவில் உள்ளது. அதை எவரும் எடுத்துப் புதிதாக எழுதலாம். இதே பெயரில் இனி ஏதேனும் புதிய பதிப்பு வெளியானால் அது என்னுடையது அன்று."

காவல்நிரல்

கடைசி வரியை அப்படியே வைத்திருங்கள். கடைசிப் பதிப்பின் சரிபார்ப்புத் தொகையையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியெண்ணையும்) அதன் கீழே எழுதிவிடுங்கள். அப்போதுதான் அந்த வரியை ஒருவர் சோதித்துப் பார்க்க முடியும்.

பொதிகட்டுநர்

"இது கடைசிப் பதிப்பு" என்ற இடத்தில் பதிப்பு எண்ணையும் முழுத் தேதியையும் சேருங்கள். இந்த ரீட்மியை நான்கு ஆண்டுகள் கழித்து எங்கோ ஒரு பொதிக்குள் திறப்பவருக்கு 'இது' என்றால் எது என்று தெரியாது. எங்களிடம் இருக்கும் ஒட்டுகள் மூன்று. இன்று மாலைக்குள் அனுப்புகிறேன்.